வெட்டிய ஆவர்த்தனம்

நாயகம் அண்ணனின் பிடரியில் ஒரு மச்சம் இருக்கிறது. நான் பாட, அவர் வயலின் வாசிக்க, பதினொரு வருஷம் ஒன்றாகக் கச்சேரி செய்தும் எனக்கு இது தெரியாது. மேடையில் அவர் எனக்கு இடது பக்கம், என்னைப் பார்த்தபடி உட்காருவார், ஆகவே நான் பார்த்ததெல்லாம் முகம்தான், அதிலும் நான் அடுத்து எங்கே போகப் போகிறேன் என்று முன்கூட்டித் தேடுகிற கண்கள்தான். இன்றைக்குக் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிக்கியில் இடம் இருக்கிறது, ஆனாலும் மடியில்தான். பின்னால் நான், எனக்குப் பக்கத்தில் மிருதங்கம் கணபதி. மதுரையிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரமாயிற்று, திருமங்கலம் தாண்டியாயிற்று, நான் மச்சத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். நிமிர்ந்தால் டிரைவர் மேலே மாட்டியிருக்கிற கண்ணாடியில் அவர் கண் தெரியும், அவருக்கு என் கண் தெரியும். தெரிந்தால் என்ன? பார்வையிலேயே சொல்லிவிடுவேன் என்று பயம். தெரியுமா அவருக்கு, தெரியாதா? தெரிந்தால் வந்திருப்பாரா? ஆறு லட்சம் பேருக்குத் தெரிந்த சங்கதி சம்பந்தப்பட்ட ஒருத்தருக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? இருக்கும், அவர் வைத்திருப்பது பட்டன் போன். ஆனால் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அவள் கையில் இருப்பது பட்டன் போனா? அவள் பார்த்துவிட்டு, அப்பா மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் வைத்திருந்தால்? அந்தப் பெண் என் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு காலேஜுக்குப் போனவள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

நான் ஒன்றும் ஆசைப்படக் கூடாததற்கு ஆசைப்படவில்லை. நாலு பேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சபாக்காரர்களின் வாசலில் நின்று நின்று கால் அலுத்துப் போய், முப்பத்தெட்டு வயதில், சரி, நாமே ஒரு சேனல் ஆரம்பிப்போம் என்று ஆரம்பித்தேன். முதல் வருஷம் முழுக்க ஒழுங்காகத்தான் போட்டேன். ஒரு மணி நேரம் ஓடுகிற ராக ஆலாபனை, பின்னால் வெள்ளைத் திரை, பட்டுப்புடவை, காதில் தோடு சரியாக இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள், அதில் நாற்பது தடவை பார்த்தது நானே. பிறகுதான் நிர்மலின் வகுப்பில் சேர்ந்தேன், ‘இசைக்கலைஞர்களுக்கு இணையம்’, ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்ப்யூட்டரில், ஊருக்கு ஒருத்தராக முப்பது பேர். நிர்மலுக்கு சங்கீதம் தெரியாது, அதைப் பெருமையாகவே சொல்வார். “முதல் மூணு செகண்ட்ல கையப் பிடிச்சு உக்கார வைக்கணும் மேடம். நீங்க தம்புரா மீட்டி முடிக்கிறதுக்குள்ள அவன் அடுத்த ஊருக்குப் போயிருவான்.” முகம் தெரிய வேண்டும். முகத்தில் ஏதாவது நடக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை, ஒரே நேரத்தில் போட வேண்டும். தலைப்பில் கேள்வி இருக்க வேண்டும், பதில் இருக்கக் கூடாது. கமெண்ட் போட்டவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், ஸ்வரம் எழுதுகிற அதே நோட்டில். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவர், எல்லாமே பலித்தது, பலித்ததுதான் இப்போது என்னை இந்தப் பின்சீட்டில் குறுக்கி உட்கார வைத்திருக்கிறது. அவர் வெட்டச் சொன்னார், எதை வெட்டச் சொன்னார்? இருமலை, சுருதி சேர்க்கிறதை, தண்ணீர் குடிக்கிறதை. இதை வெட்டச் சொன்னாரா? இல்லை. நிர்மல் மேல் பழியைப் போட முடியாது. போட்டுப் பார்த்தாயிற்று, ஒட்டவில்லை.

புரட்டாசியில் மதுரையில் நடந்த கச்சேரி அது. புதுசாக ஏதாவது இருந்தால்தான் வீடியோவுக்கு ஆகும் என்று, ஸ்வரம் பாடி முடிக்கிற இடத்துக்கு ஒரு பெரிய கணக்கு நானே போட்டு வைத்திருந்தேன், மூன்று நாள் சமையலறையில் தாளம் போட்டுப் பயின்றது. மேடையில் ஏறியதும் முக்காலியில் நிற்கிற காமிராவைப் பார்த்தேனா, தாளத்தைப் பார்த்தேனா, தெரியவில்லை, கணக்கில் ஒன்றை முழுங்கிவிட்டேன். பல்லவி வரியைத் தாளத்துக்கு ஒரு தட்டு முன்னாலேயே பிடித்துவிட்டேன். பாடகிக்கு இதைவிடப் பெரிய அசிங்கம் இல்லை, புடவை அவிழ்ந்து விழுந்தால்கூட இத்தனை இல்லை. அடுத்து அண்ணனின் முறை. நான் பாடியதைத் திருப்பி வாசிப்பது அவர் வேலை. சரியாக வாசித்தால், நான் செய்தது தப்பு என்று முன்வரிசையில் தொடையில் தாளம் போடுகிற எல்லோருக்கும் வெளிச்சமாகிவிடும். என்னைப் போலவே தப்பாக வாசித்தால் மிருதங்கம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பாதி வாசித்தார், நிறுத்தினார், வில்லை இறக்கினார், தனக்குத்தான் கணக்கு தவறிவிட்ட மாதிரி நாக்கைக் கடித்துத் தலையை ஆட்டினார். அந்த இடைவெளியில் தாளம் சுற்றி வந்தது, நான் வரியைச் சரியான இடத்தில் எடுத்துக்கொண்டேன். அப்போது அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பா அது? முங்கப் போனவள் தலையை வெளியே நீட்டினால் வாய் தானாகத் திறக்குமே, அதுதான். சபையோர் என்ன நினைத்தார்கள்? பாவம் வயலின்காரர், எவ்வளவு பெருந்தன்மையாகச் சிரிக்கிறாள் இந்தப் பெண், என்று. கைதட்டினார்கள். கச்சேரி முடிந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே “அண்ணே, அந்த இடம்...” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் ஒரு பேச்சா தங்கச்சி? இட்லி எங்க நல்லா இருக்கும், அதச் சொல்லுங்க” என்றார்.

அந்தச் சொல்லோடு அது முடிந்திருக்க வேண்டும். மேடையில் நடந்தது மேடையோடு. இரண்டு வாரம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், வாரத்துக்கு இரண்டு என்று நிர்மலுக்குக் கொடுத்த வாக்குக்காகத் துண்டு தேடிக்கொண்டிருந்தேன். முகத்தில் ஏதாவது நடக்க வேண்டும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் என் முகத்தில் ஏதாவது நடந்தது அந்த ஓர் இடத்தில்தான். முதலில் என் தப்போடு சேர்த்தே வைத்துப் பார்த்தேன், சத்தியமாக வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு நொடி வந்தது. பிறகு முன்னாலிருந்து, என் தப்பு இருந்த ஓர் ஆவர்த்தனத்தை வெட்டினேன். தாளத்தின் ஒரே ஒரு சுற்று, எட்டு நொடி. இப்போது கதை வேறாகிவிட்டது. வயலின் தடுமாறுகிறது, வில் இறங்குகிறது, பாடகி திரும்பிப் பார்த்து மலர்ந்து சிரிக்கிறாள், வரியை எடுத்துக் கொடுக்கிறாள். இருபத்தெட்டு நொடி. ‘பக்கவாத்தியம் தவறியதும் பாடகி என்ன செய்தார் தெரியுமா?’ கேள்வி இருக்கிறது, பதில் இல்லை. விரல் கொஞ்சம் தயங்கியது. தயங்கியது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், தயங்கினவள் நல்லவள் மாதிரி. போட்டுவிட்டுப் போய் அரிசி களைந்தேன். சாயங்காலம் நாலாயிரம். மறுநாள் எழுபதாயிரம், இன்றைக்கு ஆறு லட்சம். அறுநூறு பேர் இருந்த சேனலில் பதினெட்டாயிரம் பேர். ‘அக்கா நீங்க தெய்வம்.’ ‘அந்த ஆளுக்கு யாராவது ஒண்ணு ரெண்டு எண்ணக் கத்துக் குடுங்கப்பா.’ ‘இவருக்கு எதுக்கு சம்பளம்?’ அதற்குக் கீழே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள், வரிசையாக. ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டுமே, போட்டேன். ‘நன்றி, உங்கள் அன்புக்கு’ என்று, அந்தச் சம்பளக்காரனுக்கும் சேர்த்து. கணபதிக்கு உண்மை தெரியும், மேடையில் இருந்தவன், தாளம் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியாதா? அவனும் “சூப்பரா ஓடுதுக்கா” என்று மட்டும் சொன்னான். அந்த வீடியோவில் அவன் கையும் நன்றாக விழுந்திருக்கிறது.

கணபதி இப்போது போனில் வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வருகிறான், சத்தத்தோடு. யாரோ புரோட்டா வீசுகிறார்கள், யாரோ மாமியாரை மிரட்டுகிறார்கள், ஒரு குழந்தை தும்முகிறது. ஹெட்போன் போடேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் ஏன் என்று கேட்பான். தள்ளுகிறான். தள்ளுகிறான். தம்புரா. எனக்கு அரை நொடி போதும், இருபத்தெட்டு நொடியும் எனக்கு மனப்பாடம், வில் இறங்குகிற இடத்தில் கம்பியில் லேசாக ஓர் உரசல் கேட்கும், அது கேட்டுவிட்டது. என் கை போய்க் கணபதியின் தொடையை அழுத்தியது, அவன் வீடியோவைத் தள்ளிவிட்டான், புரோட்டாவே திரும்ப வந்தது. முன்சீட்டில் மச்சம் கொஞ்சம் திரும்பியது. “நம்ம கச்சேரி மாதிரில்லா கேட்டுச்சு?” என்றார். கணபதி என்னைப் பார்த்தான். கார் ஒரு டிராக்டரைத் தாண்டுகிற நேரம், அந்த நேரத்துக்குள் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். “இல்லண்ணே, அது வேற யாரோ” என்று சொன்னது என் வாய்தான். “அப்படியா” என்று திரும்பிக்கொண்டார். தேள் கொட்டின திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இதுவரை செய்ததெல்லாம் விரல் செய்தது, ஆளில்லாத அறையில் செய்தது. இப்போது அவர் முதுகுக்குப் பின்னால், அவர் காதுக்கே, பொய். உள்ளதில் எது பெரிசு என்று எடை போடுகிறது மனசு, எடை போட்டால் குறையும் என்பது போல. குறையவில்லை.

கல்லுப்பட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். இங்கே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். “அண்ணே, ஒரு விஷயம்” என்று ஆரம்பிக்க வேண்டும், அடுத்த வாக்கியம் தானாக வரும், வராவிட்டாலும் அழுகையாவது வரும். இந்தக் கச்சேரி ஏன் வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் முதலாளி வீட்டில் அறுபதாம் கல்யாணம், மருமகள்தான் போன் செய்தாள். “அக்கா, உங்க சிரிப்பு வீடியோவ எங்க வீட்ல டெய்லி போட்டுப் பாக்குறோம். அந்த வயலின் சாரையும் கண்டிப்பாக் கூட்டிட்டு வரணும், அவரேதான் வேணும், சரியா?” அந்த ‘அவரேதான்’ சொல்லும்போது பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. அப்போதே வேண்டாம் என்று போனை வைத்திருக்கலாம். “கண்டிப்பா” என்றேன். அண்ணனுக்குப் போன் செய்து, “உங்களைப் பேர் சொல்லிக் கேக்குறாங்கண்ணே” என்றேன். அப்படித்தான் சொன்னேன், பேர் சொல்லி என்று, அவர்களுக்கு அவர் பேரே தெரியாது. டீக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் என்னிடம் வந்தார். சந்தன நிறத்தில் ஒரு புதுச் சட்டை, மடிப்புகூட இன்னும் கலையவில்லை. “இருவத்தாறு வருசமா வாசிக்கேன் தங்கச்சி. பாடுதவங்களத்தான் கேப்பாங்க, கூட யாரையாவது கூட்டிட்டு வாங்கம்பாங்க. நாந்தான் வேணும்னு ஒருத்தர் கேட்டது இதான் மொத தடவ. வீட்ல சொன்னேன், அவ நம்பவே மாட்டேங்கா.” சிரித்தார். “திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லணும், பால்கோவா வாங்கிட்டு வாரேன்னு சொல்லியிருக்கேன்.” நான் டீ கசக்கிறது என்று சொன்னேன். ஒரு விஷயம் என்று ஆரம்பித்த வாயில் அதுதான் வந்தது.

பிறகு வழி முழுக்க ஒத்திகை. கிருஷ்ணன்கோவில் வந்தது, போயிற்று. ‘அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.’ தப்பு என்கிற சொல் சின்னதாக இருக்கிறது, வேறு சொல் தேடினேன், துரோகம் நாடகத்தனமாக இருக்கிறது. ‘அண்ணே, நம்ம வீடியோ ஒண்ணு’ என்றால் நம்ம எங்கிருந்து வந்தது? வீடியோவை எடுத்துவிடலாம், இந்த நிமிஷமே, போன் கையில்தான் இருக்கிறது, மூன்று தடவை தொட்டால் போதும். எடுத்தால் அங்கே போனதும் அவர்கள் தேடுவார்கள். எடுத்தால் பதினெட்டாயிரம் பேர் என்ன ஆவார்கள்? பார், இந்த நேரத்திலும் அந்தக் கணக்கு வருகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, வெட்கப்படுகிற நேரத்தில்கூட நஷ்டம் பார்க்கிறேனே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது. சிலர் வெட்கப்பட்டால் திருந்திவிடுவார்கள், நான் வெட்கப்பட்டுக்கொண்டே போட்டுக்கொண்டிருப்பேன் போலிருக்கிறது. ஆண்டாள் கோபுரம் தெரிந்தது, அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார், நானும் போட்டுக்கொண்டேன், அது கும்பிட்டதா கன்னத்தில் அறைந்துகொண்டதா எனக்கே தெரியவில்லை. மலை கூடவே வந்தது. ஊர் வந்துவிட்டது. வாழைமரம் கட்டிய பெரிய வாசல், அதற்கு முன்னால் ஒரு பத்துப் பேர், பாதிப் பேர் கையில் போன்.

மருமகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, இவங்கதான் சிரிப்பு அக்கா, உமையாள் அக்கா! இவருதான் மாமா, அந்த வயலின் சார்!” சிங்கராஜா, வீட்டுப் பெரியவர், மணிவிழா மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு முன்னால் வந்து அண்ணனின் தோளில் தட்டினார். “அந்த வீடியோவுல தடுமாறுனீங்களே, நீங்கதானா! அட, மனசுல வச்சுக்காதீங்க. யானைக்கும் அடி சறுக்கும். இன்னைக்கும் எங்கயாவது சறுக்கினீங்கன்னா தங்கச்சி பிடிச்சுக்கிடும், எங்களுக்கும் ஒரு சிரிப்பு கெடைக்கும்!” சுற்றிலும் சிரித்தார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், கல்யாண வீட்டுச் சிரிப்பு. அண்ணன் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். சந்தனச் சட்டை. ஒருத்தர் முகத்திலிருந்து சந்தோஷம் கழன்று போவதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஒரு நொடிதான், பிறகு கைகூப்பி, “ஆமாய்யா, சறுக்கத்தான செய்யும்” என்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சத்தமாகவே வந்தது: “தப்புப் பண்ணது அவரு இல்லைங்க. நான்தான் தாளத்தை விட்டேன். அவரு என்னைக் காப்பாத்துனாரு.” சிங்கராஜா மருமகளைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது அவருக்கு. “பாத்தியாம்மா? தன் ஆளை விட்டுக்குடுக்காம பழிய தன் மேல போட்டுக்கிடுது. இதான் பெரிய மனசு.” கைதட்டினார்கள். “அக்கா, அதை இன்னொரு தடவ சொல்லுங்களேன், சரியா விழல” என்று மருமகள் போனை உயர்த்தினாள். அவள் நிற்கிற பக்கம் வெயில் நேராக விழுகிறது, என் முகம் தெளிவாக இருக்கும், முதல் மூன்று நொடிக்குள்ளேயே கண்ணீர் வந்துவிடும், நன்றாக ஓடும். இதை நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. அங்கேயே செத்துப் போயிருந்தால் தேவலை.

எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். கணபதி மிருதங்கத்தின் இடது பக்கத்தில் பூச ரவை வாங்குகிறேன் என்று நழுவிவிட்டான். அண்ணன் பாயில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்காமல், “அதக் காட்டுங்க” என்றார். கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வில் இறங்கியது, நான் சிரித்தேன், முடிந்தது, அதுவே மறுபடி முதலிலிருந்து ஓடியது, இரண்டாம் தடவையும் முழுக்கப் பார்த்தார். “இதுக்கு முன்னால ஒரு ஆவர்த்தனம் உண்டுல்லா?” “வெட்டிட்டேண்ணே.” “எதுக்கு?” “நீளமா இருந்துச்சு.” இதைத்தான் சொன்னேன். வழி முழுக்கப் பண்ணின ஒத்திகையில் இந்த வாக்கியம் இல்லவே இல்லை. “எட்டு நொடி வருமா?” “வரும்.” தலையை ஆட்டிக்கொண்டார், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது மாதிரி. “கார்லயே தெரிஞ்சிது. என் கை எனக்குத் தெரியாதா? நீங்க இல்லன்னீங்க, சரி, நமக்குத்தான் காது தேஞ்சு போச்சின்னு நெனச்சேன்.” நான் அழுதேன். இப்போதே எடுத்துவிடுகிறேன், எல்லோருக்கும் சொல்கிறேன், முழுசையும் போடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் போனைத் துண்டால் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். பெட்டியைத் திறந்தார், வயலினை எடுத்தார், ஒரு கம்பியை முறுக்கி மீட்டிக் கேட்டுப் பார்த்தார். “இன்னைக்கும் நீங்க எங்க விட்டாலும் நான் பிடிச்சுக்கிடுதேன். அது பக்கவாத்தியத்துக்கு உள்ள வேலை, அதுல கொற வைக்க மாட்டேன். நாளையிலேருந்து வேற ஆள் பாத்துக்கிடுங்க, மேடம்.”

பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்து முகம் கழுவினேன், பவுடர் போட்டேன், கை தன் வேலையைப் பார்த்தது. பந்தலில் முன்வரிசை நிறைந்துவிட்டது, மருமகளும் அவள் வயதுப் பெண்களும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது சிரிக்கப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். அண்ணன் என் இடது பக்கம் உட்கார்ந்து வயலினை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, எப்போதும் போல என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே போகப் போகிறேன் என்று தேடுகிற அதே பார்வைதான். அதில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். நான் பாட ஆரம்பித்தேன், அவர் பின்னாலேயே வந்தார்.